விரல் தயங்கும் இடம்

சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில் லங்காட் ஆற்றையொட்டி அமைந்த ஊர் டெங்கில். சைபர்ஜெயா நகரம் டெங்கில் முக்கிமின் (உட்கோட்டத்தின்) எல்லைக்குள்தான் இருக்கிறது. புத்ராஜெயா எழுவதற்காகப் பெராங் புசார் முதலிய நான்கு தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்களும் இங்கேதான், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில், குடியேறின. அறிவியல் அவர்களுக்கு அயலானதன்று. உலகம் அறிந்த பி.பி. 86 என்னும் இரப்பர் இனம் பெராங் புசாரில் உருவானது. அதன் பெயரின் முதலெழுத்துகளே அந்தத் தோட்டத்தைக் குறிப்பவை. அத்தகைய மண்ணில் பால்மரம் சீவிய ஒரு மூதாட்டி, பேரன் நீட்டும் திறன்பேசியின்முன் விரலைப் பின்னிழுத்துக்கொள்வது ஏன்? அறியாமை என்று சொல்லிக் கடந்துவிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

1989இல் அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ், ஒருவர் ஒரு கருவியை ஏற்பதற்கு அடிப்படையாக இரண்டு எண்ணங்களைச் சுட்டினார்: இது எனக்குப் பயன்படுமா, இதைக் கையாள்வது எளிதா. இவற்றுள் பயன் பற்றிய எண்ணமே வலியது என்பது அவர் கண்ட முடிவு. கருவி உண்மையில் எவ்வளவு எளியது என்பதைவிட, அது எளியது என உள்ளம் நம்புவதே இங்கு அளவுகோல்.

ஆனால் கருவியைக் கையிலெடுப்பது கட்டாயத்தாலும் நேரலாம்; பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியர் அதை வாழ்ந்து பார்த்தனர். 2020 ஏப்ரலில் அறிமுகமான மைசெஜாத்தெரா என்னும் அரசின் தொற்றுக் கண்காணிப்புச் செயலி, சில மாதங்களில் கடைவாசல்தோறும் கேட்கப்படுவதாயிற்று. 2021இல் தடுப்பூசிப் பதிவும் சான்றிதழும் அதனுள் வந்தன. முதியோர் பலரின் விவரங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில், சார்ந்திருப்போர் என்னும் பிரிவில் ஏறின. 2022 மே 1 முதல் வாசலில் குறியீட்டை வருடும் கட்டாயம் நீங்கியது. ஆய்வாளர் வெங்கடேஷும் மேற்சொன்ன டேவிஸும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இத்தகைய நிலையை விளக்குகிறது: பிறர் எதிர்பார்ப்பு ஒருவரை நேரே உந்துவது கட்டாயச் சூழலில்தான், அங்கும் பட்டறிவு கூடக்கூட அந்த உந்துதல் தளர்கிறது. ஆகவே ஒரு செயலி கோடிக் கைப்பேசிகளில் இருந்தது என்பதை மட்டும் கொண்டு, மக்கள் அதை மனமுவந்து ஏற்றனர் என முடிவுகட்டலாகாது.

மொழியும் இந்த ஏற்பின் ஒரு வாயில். கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியை 2005இல் செல்லினம் என்னும் செயலி மூலம் திறந்தவர் மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன். தன் எழுத்தைத் திரையில் காணும்போது, இது நமக்கும் உரியது என்னும் உணர்வு பிறக்கிறது.

எனினும் என் நோக்கில் தலையாயது, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கிய தன்னாற்றல் நம்பிக்கை. என்னால் இதைச் செய்ய முடியும் என்னும் உறுதிக்கு அவர் நான்கு ஊற்றுகளைக் காட்டினார்: தானே செய்து வெல்லுதல், தன்னைப் போன்றோர் செய்வதைக் காணுதல், பிறர் ஊக்கும் சொல், உடலின் பதற்றமோ அமைதியோ. முதல் ஊற்றே மிக வலியது. நம் வீடுகளில் அடைபடுவதும் அதுவே. “கொடுங்க பாட்டி, நானே செஞ்சிடறேன்” என்று பேரன் அன்போடுதான் கருவியை வாங்குகிறான். வேலை நொடியில் முடிகிறது; பாட்டி தானே செய்து வெல்ல இருந்த வாய்ப்பும் அத்துடன் முடிகிறது. “உங்களுக்கு இதெல்லாம் வராது” என்னும் சொல்லும் சேர்ந்தால் மூன்றாம் ஊற்றும் வற்றிவிடும்.

அதே பாட்டி வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பத் தயங்குவதில்லை. எழுத வேண்டாம், பேசினால் போதும், பிழைத்தால் இழப்பில்லை. வங்கிச் செயலியிலோ ஒரு தவறான தொடுதல் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொண்டுபோகக் கூடும். ஈட்டும் இன்பத்தைவிட இழக்கும் துன்பம் மனத்தில் பெரிதாக நிற்கும் என்று உளவியலாளர்கள் கானமன், டிவெர்ஸ்கி இருவரும் 1979இல் நிறுவினர். இணைய மோசடிக்கு ஆளானோர் அழைப்பதற்கென்றே 2022 அக்டோபரில் 997 என்னும் எண் இந்நாட்டில் ஏற்படுத்தப்பட்டது என்றால், மூதாட்டியின் அச்சம் மூடத்தனமாகுமா? அது முறையான எச்சரிக்கை.

எனவே பயிற்சியைச் சிறு தொகையில் தொடங்கலாம். கைப்பேசி பாட்டியின் கையிலேயே இருக்கட்டும். அவர் விரலே ஒரு வெள்ளியைப் பேரன் கணக்குக்கு அனுப்பட்டும். அது வந்து சேர்ந்ததை அவன் திரையில் அவரே பார்க்கட்டும். மறுநாள் இன்னொரு வெள்ளி. இடையில் எத்தனை முறை பிழைத்தாலும், பேரன் தன் கையை நீட்டாமல் அருகில் அமர்ந்திருக்க வேண்டும்.