உறை பிரியாத கதைகள்

1949 நவம்பரில் விக்டர் டெஸ்னி என்பவர் ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார். குகைக்குள் சிக்கி உயிர்விட்ட ஃபிளாய்ட் காலின்ஸின் கதையைப் படமாக எடுக்கலாம் என்பது அவருடைய யோசனை. வைல்டர் கிடைக்கவில்லை, செயலாளர்தான் பேசினார். டெஸ்னி கதைச் சுருக்கத்தை ஃபோனிலேயே வாசிக்க, அந்தப் பெண் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டார். 1951இல் வைல்டரின் ‘ஏஸ் இன் த ஹோல்’ வெளியானதும் டெஸ்னி வழக்குப் போட்டார். பணம் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு சொல்லப்பட்ட கதையைக் கேட்டுக்கொண்டு பயன்படுத்தினால், கையெழுத்து இல்லாவிட்டாலும் அது ஒப்பந்தமாகலாம் என்று 1956இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதுகிறவனுக்குச் சாதகமான தீர்ப்புதான். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து ஸ்டுடியோக்கள் கற்றுக்கொண்டது வேறு: முன்பின் தெரியாதவர் அனுப்பியதைப் படிக்காமல் இருந்தால் வம்பே இல்லை. இன்றைக்கும் ஏஜென்ட் மூலமாக வராத திரைக்கதையைப் பெரிய ஸ்டுடியோக்கள் பொதுவாகப் பிரிப்பதே இல்லை.

இந்த விதியில் நிறம் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. ஆனாலும் அது கறுப்பின எழுத்தாளர்கள் மேல் கூடுதல் பாரமாக விழுகிறது. காரணம், கதவு ஏஜென்ட் கையில் இருக்கிறது. ஏஜென்ட் புது ஆளை எடுப்பதோ பெரும்பாலும் தெரிந்தவர் சிபாரிசில். கூட வேலை பார்த்தவர், ஒரே கல்லூரியில் படித்தவர், விருந்தில் சந்தித்தவர் என்று அந்தச் சங்கிலி நீளும். மிகப் பெரிய மூன்று ஏஜென்சிகளின் ஏஜென்ட்களிலும் நிர்வாகிகளிலும் சுமார் 90 சதவீதம் பேர் வெள்ளையர், பங்குதாரர்களில் 97 சதவீதம் என்கிறது மெக்கின்சி நிறுவனத்தின் 2021 அறிக்கை. மறுமுனையில் என்ன நிலைமை என்பதை ‘கலர் ஆஃப் சேஞ்ச்’ அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. 2016–17 பருவத்தின் 234 தொலைக்காட்சித் தொடர்களில் எழுதியவர்களில் கறுப்பினத்தவர் 4.8 சதவீதம்தான். மூன்றில் இரண்டு தொடர்களின் எழுத்தாளர் குழுவில் ஒருவர்கூட இல்லை. அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம்.

நல்ல கதை எப்படியும் வெளியே வந்துவிடும் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1929இல் தொடங்கிய ஆஸ்கரில் திரைக்கதைக்காக ஒரு கறுப்பினத்தவர் பரிசு வாங்க 2010 வரை ஆனது. ‘பிரெஷஸ்’ எழுதிய ஜெஃப்ரி ஃபிளெட்சர்தான் அவர். அசல் திரைக்கதைக்கான பரிசு 2018இல் ஜோர்டன் பீலுக்கு, ‘கெட் அவுட்’ படத்துக்காக. நகைச்சுவைத் தொடர் எழுத்துக்கு எம்மி பெற்ற முதல் கறுப்பினப் பெண் லீனா வெயித்துக்கு அது 2017இல்தான் கிடைத்தது. எண்பது ஆண்டுக்கும் மேலாக வராத திறமை திடீரென்று முளைத்துவிட்டதா? படமாகாமல் கிடக்கும் கதைகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை வேறொரு சோதனையும் காட்டியது. 2005இல் ஃபிராங்க்ளின் லெனர்ட் என்ற கறுப்பின இளைஞர், ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் கதை தேடும் வேலையில் இருந்தார். தன்னைப் போன்ற சுமார் 75 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பி, இன்னும் படமாகாத கதைகளில் உங்களுக்குப் பிடித்தவை எவை என்று கேட்டார். அப்படிப் பிறந்த ‘பிளாக் லிஸ்ட்’ ஆண்டுதோறும் வந்தது. அதில் இடம்பெற்ற ‘ஸ்லம்டாக் மில்லியனர்’, ‘ஆர்கோ’, ‘ஸ்பாட்லைட்’ எல்லாம் பிறகு சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கின. 2012இல் ஏஜென்ட் இல்லாதவர்களும் கதையைப் பதிவேற்றும் தளமாகவும் அது விரிந்தது. ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு, கையில் காசில்லாதவருக்கு அதுவும் ஒரு கதவுதான்.

ஏஜென்ட் தரும சத்திரம் நடத்தவில்லை, காசு வருகிற ஆளைத்தான் எடுப்பார் என்பது அடுத்த வாதம். இதில் நியாயம் இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது எழுத்தாளர் சம்பாதிப்பதில் பத்து சதவீதம். புதியவர் ஒரு லட்சம் டாலர் சம்பாதித்தால் பத்தாயிரம். அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைய யாருக்கும் தயக்கம் வரும். ஆனால் காசு எங்கே வரும் என்று கணிப்பவருக்குக் கறுப்பின மக்களைத் தெரியாவிட்டால் கணக்கே தப்பிவிடும். இனப் பாகுபாட்டால் ஹாலிவுட் ஆண்டுக்கு 1,000 கோடி டாலர் வருமானத்தை இழக்கிறது என்பதும் அதே மெக்கின்சி அறிக்கையின் மதிப்பீடு. இதைக் கறுப்பின ஏஜென்ட் சார்ல்ஸ் கிங்கின் கதையில் கண்ணால் பார்க்கலாம். சட்டப் பட்டம் வாங்கியவர், 1997இல் வில்லியம் மோரிஸ் ஏஜென்சியின் தபால் அறையில் சேர்ந்தார். அங்கே ஏஜென்ட் ஆக அதுதான் முதல் படி: அற்பச் சம்பளம், தபால் வண்டி தள்ளும் வேலை. லாஸ் ஏஞ்சலிஸ் வாடகையைக் கட்ட வீட்டிலிருந்து பணம் வரும் பிள்ளைகளால்தான் அதில் எளிதாகத் தாக்குப்பிடிக்க முடியும். முன்பு சொன்ன 90 சதவீத வெள்ளையர் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம். கிங் பிடித்துவந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் டைலர் பெர்ரி. ஊர் ஊராகக் கறுப்பின மக்களுக்கு நாடகம் போட்டு அரங்கங்களை நிரப்பியவரை ஹாலிவுட் அதுவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. 2005இல் வந்த அவருடைய முதல் படம் சுமார் 55 லட்சம் டாலரில் தயாராகி 5 கோடி வசூலித்தது.

அதனால்தான் உதவி என்ற பெயரில் எழுத்தாளருக்கு மட்டும் பட்டறை மேல் பட்டறை நடத்துவது எனக்குப் பாதி வேலையாகவே படுகிறது. படிக்கிறவர் நாற்காலியில் யார் என்பதும் மாறவேண்டும்: தபால் அறைக்கு வாழத்தக்க சம்பளம், சிபாரிசு இல்லாத கதைகளைப் படிக்கவென்றே சம்பளத்துக்கு ஆள். இது சலுகை ஆகாதா என்றால், ஆகாது. படிப்பது வேலை கொடுப்பதல்ல, பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம். வேலை கொடுக்கும் சலுகைதான் சில சமயம் வினையாகிறது. தொடர்களில் ‘பன்முகத்தன்மை’ இடத்தில் சேர்பவரின் சம்பளத்தை ஸ்டுடியோ தனியாகக் கொடுத்துவிடும். அடுத்த ஆண்டு அவருக்குப் பதவி உயர்வு தந்தால் செலவு தொடரின் தலையில், புதிதாக இன்னொருவரை எடுத்தால் மறுபடி இலவசம். முதல் படியிலேயே பலர் நின்றுபோவது இப்படித்தான்.

யூடியூப் காலத்தில் ஏஜென்ட் எதற்கு என்றும் கேட்கலாம். இஸ்ஸா ரே 2011இல் யூடியூபில் தொடர் போட்டுப் பெயர் வாங்கியவர்தான். ஆனால் அவருடைய ‘இன்செக்யூர்’ எச்பிஓவில் வந்தது 2016இல், ஒப்பந்தம் போட்டுத்தான். அந்த ஒப்பந்த மேசையில்தான் ஏஜென்ட்டின் அருமையும் ஆபத்தும் தெரியும். பிரிட்டனின் கறுப்பின எழுத்தாளர் மிக்கேலா கோயல், தன் தொடருக்கு உரிமையில் பங்கு தராத நெட்ஃப்ளிக்ஸின் பத்து லட்சம் டாலரை மறுத்தார். அதை ஏற்கச் சொல்லி வற்புறுத்திய தன் அமெரிக்க ஏஜென்சிக்கும் அந்த வியாபாரத்தில் தனியாக வருமானம் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார், ஏஜென்சியை விலக்கிவிட்டார். 2019இல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் தங்கள் சங்கத்தின் சொல் கேட்டு ஏஜென்ட்களைக் கைவிட்டதும் இதே மாதிரித் தனி வருமானத்தை எதிர்த்துத்தான். கோயலின் அனுபவத்துக்கு நேர்மாறானது கறுப்பின இயக்குநர் ரயன் கூக்லரின் ‘சின்னர்ஸ்’ படம். ஸ்டுடியோக்களைப் போட்டியிட வைத்து, 25 ஆண்டுக்குப் பின் படத்தின் உரிமை தனக்கே திரும்பவேண்டும் என்ற நிபந்தனையை அவர் தரப்பு வார்னர் பிரதர்ஸை ஏற்கவைத்தது. படம் 2025இல் வெளியானது. உரிமை கைக்கு வரும்போது கூக்லருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும்.