தண்ணீர் ஊற்றாத சூப்

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை. லாகோஸுக்கோ போர்ட் ஹார்கோர்ட்டுக்கோ வேலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களில் பலர், நைஜீரியச் சாப்பாடு என்றதும் ஜொலோஃப் சோற்றோடு நின்றுவிடுகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை, நல்ல சோறுதான். ஆனால் அந்த நாட்டின் சமையல் அறிவு முழுவதையும் ஒரே பானையில் பார்க்க வேண்டுமானால் எடிகாங் இகோங் என்ற கீரைச் சூப்பைத்தான் நான் காட்டுவேன்.

சூப் என்றதும் கிண்ணமும் கரண்டியும் நினைவுக்கு வந்தால் அதை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இது குடிக்கிற பண்டம் அல்ல. நம் கீரைப் பொரியலுக்கும் கூட்டுக்கும் இடைப்பட்ட பதத்தில், கரும்பச்சையாகக் குவிந்திருக்கும். ஓரங்களில் சிவந்த எண்ணெய் மினுங்கும். கீரைக்கு நடுவே இறைச்சித் துண்டுகள், காய்ந்த மீன், சின்னச் சின்ன நத்தைகள். பக்கத்தில் ஒரு தட்டில், கையால் கிள்ளித் தொட்டுச் சாப்பிட மாவு உருண்டை.

இதன் சொந்த ஊர் நாட்டின் தென்கிழக்கு மூலை. கிராஸ் ரிவர் மாநிலத்தின் தலைநகரான காலபாரில் வாழும் எஃபிக் மக்களும், பக்கத்து அக்வா இபோம் மாநிலத்து இபிபியோ மக்களும் இதைத் தங்கள் சூப் என்று உரிமையோடு சொல்வார்கள். யாருடையது என்ற வழக்கில் நான் இறங்க மாட்டேன். 1987 வரை இரண்டும் ஒரே மாநிலம், மொழிகளும் மிக நெருங்கியவை. காலபார் பெண்களின் கைப்பக்குவத்துக்கு நாடு முழுவதும் பெயர் உண்டு. அந்தப் பெயரில் பெரும் பங்கு இந்தச் சூப்புக்குச் சேர வேண்டியது.

இதில் இரண்டு கீரைகள். இரண்டையும் தனித்தனியாகப் புரிந்துகொண்டால் சூப்பில் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலாவது உகு. பூசணிக் குடும்பத்துக் கொடி, மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரியது. நீளவாக்கில் வரம்பு வரம்பாக மேடெழுந்த பெரிய காய் காய்க்கும். அந்தக் காயின் சதையை யாரும் சாப்பிடுவதில்லை. உள்ளே இருக்கும் எண்ணெய்ப்பசை மிகுந்த விதைகளை வேகவைத்தோ வறுத்தோ தின்பார்கள். மற்றபடி கொடியை வளர்ப்பதே இலைக்காகத்தான். இதில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. பெண்கொடிதான் செழிப்பாகப் படர்ந்து அகலமான இலை விடும் என்று விவசாயிகள் அதையே விரும்புவார்கள். ஆனால் பூக்கும்வரை எது எது என்று கண்டுபிடிப்பது கடினம். அந்த இலை தடித்தது, நாரோட்டம் உள்ளது, நன்றாக மென்று சாப்பிட வேண்டியது. அதில் ஈரப்பசை குறைவு, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் ஊறும் என்று நம்பி உகு இலையைக் கசக்கிப் பிழிந்து சாறாகவே குடிப்பவர்களும் அங்கே உண்டு.

இரண்டாவது வாட்டர்லீஃப். இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். நம் பக்கம் சிலோன் பசலை என்று தொட்டியில் வளர்ப்பார்களே, சதைப்பற்றான இலையும் இளஞ்சிவப்பில் பொடிப் பூக்களுமாக மதில் ஓரங்களில் தானாகவே முளைக்குமே, அதே செடிதான். கேரளத்தில் சாம்பார் சீரை என்பார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து கிளம்பி நம் வீட்டுக்கும் காலபார் வீட்டுக்கும் வந்து சேர்ந்த செடி. தண்டும் இலையும் ஒரே நீர். அடுப்பில் போட்ட சில நிமிடங்களில் கரைந்து, வழவழப்பாகி, கிடைத்த இடத்தையெல்லாம் தண்ணீராக்கிவிடும். ஆக்ஸலேட்டும் அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு கீரை வறண்டது, மற்றது நீர் விடுவது. ஒன்று விறைப்பு, மற்றது வழவழப்பு. இந்தச் சூப்பில் தனியாகத் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். வாட்டர்லீஃப் விடுகிற நீரிலேயே உகு வேக வேண்டும். சமைப்பவரின் திறமை முழுக்க அந்த நீரை அளந்து ஆள்வதில் இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் சூப் கெட்டது. அறவே வற்றினால் உகு வைக்கோலாகிவிடும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், எண்ணெயில் புரண்டு, ஈரம் மட்டும் மிஞ்சி நிற்கிற அந்த ஒரு கட்டத்தில் அடுப்பை அணைக்க வேண்டும்.

செய்முறையைக் கேட்டால் ஏன் என்று விளங்கும். ஆறு பேருக்கு என்றால் ஒரு கிலோ உகுவுக்கு அரைக் கிலோ வாட்டர்லீஃப் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலர் சரிக்குச் சரி போடுவார்கள். நறுக்குவதற்கு முன்பே கீரைகளைக் கழுவிவிடுவார்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சாறும் போய்விடும், வேண்டாத தண்ணீரும் ஏறிவிடும். சந்தையில் கீரை விற்கும் அம்மாக்களே உகுக் கட்டை இறுக்கிப் பிடித்து, கண்ணெதிரே நூல் நூலாக அரிந்து தருவார்கள். அந்தக் கத்தி வேகத்தை நின்று பார்க்க வேண்டும். வாட்டர்லீஃபை நறுக்கி வடிகட்டியில் போட்டுவிடுவார்கள். ஈரம் அதிகம் என்று தோன்றினால் கசக்கிப் பிழிவதும் உண்டு.

இறைச்சியை வெங்காயம், உப்போடு முதலில் வேகவைத்து, அதன் சாறு பானையின் அடியில் கொஞ்சமாக நிற்கும் அளவுக்கு வற்றவிடுவார்கள். இந்தப் படியில் பொறுமை இழந்தால் பின்னால் எதைச் செய்தும் சரிக்கட்ட முடியாது. அடுத்து செம்பனை எண்ணெய், இடித்த மிளகாய், பொடித்த இறால். பிறகு வாட்டர்லீஃப். அது வாடி நீர் விட்டு, அந்த நீர் பாதிக்கு மேல் சுண்டியதும் உகுவைப் போட்டுப் புரட்டி, ஓரிரு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். பானைச் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். உகு பச்சை மாறாமல் இருக்க வேண்டும், பல்லுக்குத் தெரிய வேண்டும்.

தாளிப்பு கிடையாது. மஞ்சள், மல்லித்தூள், சீரகம் எதுவும் கிடையாது. நம் நாக்குக்கு முதல் நாள் இது வெறுமையாகப் படக்கூடும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் வேறொரு சுவை பிடிபடும், அது கடலிலிருந்தும் சதுப்பிலிருந்தும் வருகிறது. கிரேஃபிஷ் என்று அங்கே சொல்வது, புகையில் காய்ந்த பொடி இறால். நம் சென்னாக்கூனியை அறிந்தவர்களுக்கு அந்த வாசனை அந்நியமாக இருக்காது. அது இல்லாமல் இந்தச் சூப் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பெரிவிங்கிள் என்பது அலையாத்திக் காட்டுச் சேற்றில் பொறுக்கும், கூம்பு ஓடுள்ள நத்தை. ஓட்டின் வால்நுனியை வெட்டிவிட்டுச் சிலர் ஓட்டோடே போடுவார்கள். வாயில் வைத்து உறிஞ்சினால் சதை வந்துவிடும். மாட்டுத் தோலையும் சுத்தம் செய்து, மெத்தென்று வேகவைத்துச் சேர்ப்பார்கள். காலபார் பக்கம் அதன் பெயர் காண்டா, லாகோஸில் பொன்மோ.

ஸ்டாக்ஃபிஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலகை போல விறைத்த அந்தக் காய்ந்த மீன் நைஜீரியக் கடலில் பிடித்தது அல்ல. நார்வேயின் வடக்கே லோஃபோட்டன் தீவுகளில், உப்பே இல்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டு, குளிர்காற்றில் காயவைத்த காட் மீன். அங்கிருந்து கப்பலேறி நைஜீரியாவுக்கு வருகிறது. பியாஃப்ரா உள்நாட்டுப் போரின்போது, 1967 முதல் 1970 வரை, கிழக்குப் பகுதி பட்டினியில் வாடிய நாட்களில் நிவாரண உணவாகவும் இந்த மீன் வந்திறங்கியது. பசி தீர்த்த பொருள் பின்னாளில் விருந்துப் பொருளாக நிலைத்துவிட்டது. ஊறவைத்து நெடுநேரம் வேகவைத்தால்தான் மசியும். ஆனால் அதன் சாறு ஏறிய கீரைக்கு ஈடு கிடையாது.

செம்பனை எண்ணெய்க்கும் அப்படியொரு வரலாறு உண்டு. நம் ரேஷன் கடைப் பாமாயிலும் இதுவும் ஒரே மரத்துப் பழத்தின் எண்ணெய்தான். நம்முடையது சுத்திகரித்து நிறமும் மணமும் நீக்கியது. அங்கே பழத்தின் செம்மை அப்படியே நிற்கும், கேரட்டுக்கு நிறம் தரும் அதே பீட்டா கரோட்டின். 19-ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் கப்பல்கள் சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் இந்த எண்ணெயைத் தேடி காலபார் ஆற்றில் காத்துக் கிடந்தன. எஃபிக் வணிகர்கள் இடையில் நின்று உள்நாட்டு எண்ணெயைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1885-இல் பிரிட்டிஷார் இந்தக் கரையை ஆயில் ரிவர்ஸ் பாதுகாப்பகம் என்றே அறிவித்தார்கள். உலகத்தின் இயந்திரங்களுக்கும் சலவைத் தொட்டிகளுக்கும் போன அந்த எண்ணெய், அதை இறக்கிய வீடுகளின் பானையில் இன்றும் தாராளமாக விழுகிறது.

இத்தனையும் சேர்ந்தால் செலவு சிறியதாகவா இருக்கும்? ஒரு மூட்டைக் கீரை வெந்து ஒரு பானைக்குள் அடங்கிவிடுகிறது. தண்ணீர் ஊற்றிப் பெருக்கவும் வழியில்லை. அதனால்தான் இது பணக்காரர் சூப் என்று பெயரெடுத்தது, கல்யாணத்திலும் சம்பந்தி விருந்திலும் முன்னால் நிற்கிறது. உங்களுக்கு ஒரு வீட்டில் இதைப் பரிமாறினால், உங்களை மதித்துச் செலவு செய்திருக்கிறார்கள் என்று அறிந்து சாப்பிடுங்கள். கடையில் சாப்பிடும்போது தட்டின் அடியைப் பாருங்கள். கீழே தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், வாட்டர்லீஃபைக் கூட்டி உகுவைக் குறைத்திருக்கிறார்கள். இலை கறுத்துச் சோர்ந்திருந்தால் அதிகம் வெந்தது, அல்லது பலமுறை சூடுபட்டது.

எல்லாக் கீரைச் சூப்பும் இதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். யோருபா மக்களின் எஃபோ ரிரோவில் மிளகாயும் தக்காளியும் அரைத்த விழுது உண்டு. அதில் போடும் ஷோக்கோ நம் பண்ணைக்கீரையேதான். இக்போ வீடுகளில் கசப்பிலையைக் கசக்கிக் கசக்கிக் கழுவி ஒரு சூப் செய்வார்கள். ஓஹா என்ற மரத்தின் இளந்தளிரைக் கத்தி படாமல் கையால் கிழித்துப் போட்டு இன்னொன்று. அந்த ஓஹா நம் வேங்கை மரத்துக்கு உறவு. வடக்கே ஹவுசா சமையலில் பெருக்கமரத்து இலையைக் காயவைத்துப் பொடித்துக் குழம்பாக்குகிறார்கள். காலபாரிலேயே அஃபாங் என்ற காட்டுக்கொடி இலையை இடித்து, வாட்டர்லீஃபோடு சேர்க்கும் சூப் உண்டு. எடிகாங் இகோங்குக்கு உண்மையான போட்டி அதுதான். இரண்டில் எது மேல் என்று காலபாரில் கேட்டுவிட்டு உடனே எழுந்து வர முடியாது.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. இறைச்சியும் இறாலும் இதற்கு அலங்காரமல்ல, அடிப்படை. அவற்றை விலக்கினாலும் கீரைகளும் எண்ணெயும் மிளகாயும் சேர்ந்து சுவையாகவே இருக்கும். ஆனால் அது வேறொரு பண்டம்.

சாப்பிடும் விதம் எளிது. மாவு உருண்டைகளுக்கு அங்கே பொதுப்பெயர் ஸ்வாலோ. முதல் தடவை என்றால் ஏபா கேளுங்கள். மரவள்ளியைத் துருவிப் புளிக்கவைத்து, வறுத்த காரி (garri) மாவில் வெந்நீர் ஊற்றிக் கிளறியது, லேசான புளிப்பு கீரைக்குப் பொருந்தும். கொஞ்சம் கூடுதல் செலவு பரவாயில்லை என்றால் வள்ளிக்கிழங்கை வேகவைத்து உரலில் இடித்த பவுண்டட் யாம். கை கழுவ நீர் வரும். வலது கையால் சின்னதாகக் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, அந்தக் குழியில் கீரையை அள்ளுங்கள். மாவை மெல்லாமல் விழுங்குவதுதான் அங்கே வழக்கம், கீரையையும் இறைச்சியையும் மெல்லலாம். காரம் குறைவாக வேண்டுமென்றால் சமைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மிளகாய் பார்க்கத்தான் சின்னது, கீரையோடு சேர்ந்த பிறகு யாராலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது.