தத்துக் குழந்தையின் கோப்பு: வீடு சேர்ந்த பின்னும் தொடரும் பணிகள்

தத்தெடுப்பு ஆணை கைக்கு வந்து, குழந்தையோடு விமானம் ஏறி, அமெரிக்காவிலுள்ள வீட்டை அடைந்ததும் பெற்றோர் பலரும் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். நீண்ட காத்திருப்புக்குப் பின் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் குழந்தைக்குரிய ஆவணப் பணிகளுள் முக்கியமான ஒரு பகுதி அதன் பின்னரே தொடங்குகிறது. அப்பகுதியைப் பெற்றோர் முடிக்காமல் விட்டால், அதன் விளைவைப் பிற்காலத்தில் சுமக்கப் போவது குழந்தைதான்.

இந்தியாவில் குழந்தையைத் தத்தெடுத்து அமெரிக்கா செல்லும் குடும்பங்கள் பயணத்திற்கு முந்தைய பரிசோதனைக்காகக் குழந்தைகள் நலப் பிரிவுக்கு வருவதுண்டு. அவர்களோடு வரும் தாத்தா பாட்டியரும், அங்கு வாழும் தம் மகன் அல்லது மகளின் சார்பில் பல ஐயங்களை எழுப்புகின்றனர். சட்டம் பற்றிய ஒரு கட்டுரையை மருத்துவர் எழுதுவது ஏன் என்று சிலர் வினவலாம். தடுப்பூசி, காப்பீடு, வயது நிர்ணயம், பிற்கால மருத்துவ வரலாறு ஆகிய அனைத்தும் இந்த ஆவணங்களைச் சார்ந்தே நிற்கின்றன என்பதே அதற்கான விடை.

இத்தனை கவனம் ஏன்?

1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமே தத்தெடுக்கும் உரிமையை வழங்கியது. ஆகவே, முற்காலத்தில் வெளிநாட்டினர் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின்கீழ் 'காப்பாளர்' என்ற தகுதியை மட்டும் பெற்றுக் குழந்தையை அழைத்துச் சென்றனர். தத்தெடுப்பை அந்த நாட்டு நீதிமன்றத்தில்தான் நிறைவுசெய்ய வேண்டியிருந்தது. அதன் பின்னர் குடியுரிமைக்கும் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பெற்றோர் சிலர் இதனை அறியவில்லை. சிலர் அறிந்தும் தள்ளிப்போட்டனர்.

அமெரிக்காவின் குழந்தைக் குடியுரிமைச் சட்டம் 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் 18 வயது நிரம்பாதிருந்த குழந்தைகளுக்கு மட்டுமே அதன் பயன் கிட்டியது. அதற்கு முன்பே 18 வயதைக் கடந்தவர்கள் விடுபட்டுப் போயினர். கொரியா, இந்தியா, பிரேசில் முதலிய நாடுகளிலிருந்து கைக்குழந்தைகளாகச் சென்று அமெரிக்கராகவே வளர்ந்த சிலர், தாம் அந்நாட்டுக் குடிமக்களே அல்லர் என்பதை நடுவயதில் அறிய நேர்ந்தது. அவர்களுள் சிலர் குற்ற வழக்குகளில் சிக்கியபோது, தாம் பிறந்த நாட்டுக்கு நாடுகடத்தவும் பட்டனர். அங்கே பேசப்படும் மொழியும் அவர்களுக்குத் தெரியாது. உறவென்று சொல்ல எவரும் இல்லை. ஒரு படிவம் நிரப்பப்படாமல் போனதன் விளைவு இது.

புறப்படும் முன் கவனிக்க வேண்டியவை

இன்று நிலைமை பெரிதும் மேம்பட்டுள்ளது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு குறித்த 1993-ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003-இல் ஏற்றது. 2022 செப்டம்பர் முதல், நீதிமன்றத்திற்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே தத்தெடுப்பு ஆணையை வழங்குகிறார். இந்தியாவிலேயே முழுமையான தத்தெடுப்பு நிறைவுறுவதால், அமெரிக்கக் குடிமக்களான பெற்றோருடன் செல்லும் குழந்தைக்குப் பொதுவாக ஐ.எச்.-3 என்னும் குடியேற்ற விசா வழங்கப்படுகிறது. காப்பாளர் தகுதியுடன் மட்டும் செல்லும் குழந்தைக்கு உரியது ஐ.எச்.-4. கடவுச்சீட்டில் ஒட்டப்படும் விசாவில் இவ்விரண்டில் எது உள்ளது என்பதைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும். அடுத்துச் செய்ய வேண்டியவை எவை என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

பெற்றோர் இருவருமே அமெரிக்கக் குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டிலோ பணி விசாவிலோ இருப்பின், இந்த வழி அவர்களுக்குப் பொருந்தாது. கிரீன் கார்டு பெற்றவர் தத்தெடுத்த குழந்தைக்கு விண்ணப்பிக்க, ஈராண்டுக் காலச் சட்டப்பூர்வப் பொறுப்பும், ஈராண்டுக் காலம் சேர்ந்து வாழ்ந்ததும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். அத்தகையோர் தத்தெடுப்புக்குப் பதிவு செய்யும் முன்பே குடியேற்றச் சட்ட வல்லுநரைக் கலந்தாலோசிப்பது அவசியம்.

பெயர் குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. நம்மவர்க்கு முதலெழுத்தும் பெயரும் போதும்; குடும்பப் பெயர் என்ற வழக்கம் பெரும்பாலும் இல்லை. கடவுச்சீட்டில் பெயர் முழுவதையும் ஒரே கட்டத்தில் எழுதி முதற்பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டால், அமெரிக்க விசாவில் அவ்விடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. பின்னர் வரும் அட்டைகளிலும் மருத்துவமனைப் பதிவேடுகளிலும் அதுவே குழந்தையின் பெயராகத் தொடரும் இடர் உண்டு. எனவே தத்தெடுப்பு ஆணை, பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில், முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்கப்பட்டு அமைவது நலம்.

தத்தெடுப்பு ஆணையின் சான்றிட்ட நகல்கள் பலவற்றை இங்கேயே பெற்றுக்கொள்ள வேண்டும். ஆணைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரையைப் பெற்றுவிட்டால், பிற்காலத்தில் அவற்றின் உண்மைத்தன்மை குறித்து அங்கே கேள்வி எழாது. தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் தேவைப்படும்.

குடியுரிமைச் சான்றிதழ்

ஐ.எச்.-3 விசாவுடன், 18 வயதுக்குட்பட்ட குழந்தை, குடிமகனான தாய் அல்லது தந்தையோடு வாழ்வதற்காக அமெரிக்காவினுள் அனுமதிக்கப்படும்போதே சட்டப்படி அந்நாட்டுக் குடியுரிமையைப் பெற்றுவிடுகிறது. அதற்கான சான்றிதழ், தனி விண்ணப்பமின்றி அஞ்சலில் அனுப்பப்படுகிறது. சில மாதங்களாகியும் வராவிடில் விசாரிக்க வேண்டும். இதற்கிடையில் வீடு மாறியிருப்பின், புதிய முகவரியைக் குடியேற்ற அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஐ.எச்.-4 விசாவுடன் சென்ற குழந்தைக்குக் கிரீன் கார்டு மட்டுமே கிடைக்கும். மாநில நீதிமன்றத்தில் தத்தெடுப்பை நிறைவுசெய்த பின்னரே குடியுரிமை உண்டாகும். சான்றிதழுக்கு என்-600 என்னும் படிவத்தில் பெற்றோரே விண்ணப்பிக்க வேண்டும். 18 வயதுக்கு முன் தத்தெடுப்பை முடிக்காவிடில் தானாகக் குடியுரிமை பெறும் வாய்ப்பே நழுவிவிடும். அதுவரை காத்திருக்க யாதொரு காரணமும் இல்லை.

சான்றிதழ் கைக்கு வந்தவுடன் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னர், சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திற்கு அதனை எடுத்துச் சென்று, குழந்தை குடிமகன் என்று பதிவேட்டில் மாற்றுவிக்க வேண்டும். எண்ணைப் பெற்ற நாளில் குழந்தை அயல்நாட்டவராகப் பதியப்பட்டிருந்தால், எவரும் சொல்லாத வரை அந்தப் பதிவு அப்படியே இருக்கும். அமெரிக்கக் கடவுச்சீட்டும் குடியுரிமைக்குச் சான்றே. ஆயினும் அது காலாவதியாகும். குடியுரிமைச் சான்றிதழுக்கு அத்தகைய காலவரம்பு இல்லை. இரண்டையும் பெற்றிருப்பதே பாதுகாப்பு.

முதல் 30 நாள்கள்

மருத்துவ நோக்கில் மிக விரைந்து செய்ய வேண்டியது காப்பீடு. பணியிடம் வழங்கும் மருத்துவக் காப்பீட்டில், தத்தெடுத்த நாளிலிருந்தோ தத்தெடுப்புக்காகக் குழந்தை ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தோ 30 நாள்களுக்குள் குழந்தையைச் சேர்க்கக் கோரும் உரிமை உண்டு. அரசின் காப்பீட்டுச் சந்தை வழியாகத் திட்டம் பெற்றோருக்கு இக்காலம் 60 நாள்கள். இந்தியாவில் ஆணை பிறந்த நாளுக்கும் அமெரிக்கா சேரும் நாளுக்கும் இடையே வாரங்கள் கடந்துவிடக்கூடும் என்பதால், பெற்றோர் இங்கிருக்கும்போதே தம் நிறுவனத்திற்கு எழுதிக் கேட்டுவிடுவது நன்று. இத்தகைய திட்டங்களில், குழந்தைக்கு ஏற்கெனவே உள்ள நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சைச் செலவை மறுக்க இயலாது. இதயக் குறைபாடோ உதட்டுப் பிளவோ உள்ள குழந்தையின் பெற்றோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்தது தடுப்பூசி. 10 வயதுக்குட்பட்ட தத்துக் குழந்தைக்கு விசாவிற்கான தடுப்பூசி நிபந்தனையிலிருந்து விலக்குப் பெறும் பெற்றோர், அமெரிக்கா சேர்ந்த 30 நாள்களுக்குள், அல்லது மருத்துவ ரீதியில் பொருத்தமான முதல் வாய்ப்பில், ஊசிகளைப் போடுவதாக உறுதிமொழி அளிக்கின்றனர். இந்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் இல்லை. அமெரிக்காவில் இவை இரண்டும் வழக்கமான அட்டவணையில் உள்ளன. எனவே அம்மைத் தடுப்பூசி போடப்பட்டுவிட்டது என்று பொதுப்படச் சொல்வது போதாது. எந்த ஊசி, எந்த நாளில் போடப்பட்டது என்ற விவரம் எழுத்தில் இருக்க வேண்டும். காப்பகத்தில் தரப்பட்ட தடுப்பூசி அட்டையின் மூலத்தைத் தவறாமல் கேட்டுப் பெறுங்கள். அட்டை கிடைக்காவிடில் அங்கே ஊசிகளை மீண்டும் தொடங்குவார்கள், அல்லது இரத்தப் பரிசோதனையால் எதிர்ப்பாற்றலை அறிவார்கள்.

வீடு சேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் குழந்தைநல மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்வது நல்லது. இரத்தசோகை, ஈயத்தின் அளவு, கல்லீரல் அழற்சி பி மற்றும் சி, எச்.ஐ.வி., கிரந்தி, காசநோய், குடற்புழு ஆகியவற்றுக்கான சோதனைகள் வழக்கமானவை. இந்தியாவில் பிறந்தவுடன் பி.சி.ஜி. ஊசி போடப்படுவதால், காசநோய்க்கான தோல் பரிசோதனையின் முடிவு பிறழக்கூடும். அந்த ஊசி போடப்பட்டதற்கான குறிப்பை அங்குள்ள மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிறந்த தேதி என்னும் சிக்கல்

கைவிடப்பட்ட நிலையில் மீட்கப்பட்ட குழந்தையின் பிறந்த தேதி, பெரும்பாலும் மருத்துவர் மதிப்பிட்ட தேதியே. சில திங்கள் வேறுபாடு இருக்கக்கூடும். ஊட்டம் குன்றிய குழந்தை வயதுக்குச் சிறியதாகத் தோன்றும்; அதன் எலும்பு வளர்ச்சியும் பின்தங்கியிருக்கும். எனவே வந்தவுடன் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து, வயது குறைவு என்று முடிவு கட்டுவது சரியன்று. நல்ல உணவோடு ஓராண்டேனும் வளர்ந்த பின், பல், எலும்பு, வளர்ச்சிப் படிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் கருத்துரைப்பதே முறை. மாற்றம் தேவையெனில் மாநில நீதிமன்றத்தின் வாயிலாக ஒரே முறையில் செய்து, ஏனைய ஆவணங்கள் அனைத்தையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஒன்றில் ஒரு தேதியும் மற்றொன்றில் வேறொரு தேதியும் இருப்பதே பிற்காலத்தில் பெருந்தொல்லையாகிறது.

ஐ.எச்.-3 விசாவில் சென்ற குழந்தைக்கு மாநில நீதிமன்றத்தில் மறுதத்தெடுப்பு குடியுரிமைக்குக் கட்டாயமன்று. ஆயினும் பல மாநிலங்களில் அதன் வழியே அம்மாநிலத்தின் பிறப்புச் சான்றிதழைப் பெறலாம். இந்தியச் சான்றிதழ் தொலைந்தால் கடல் கடந்து நகல் கேட்கும் அலைச்சல் அதனால் தவிர்க்கப்படும்.

இந்தியாவுக்கான கடமைகள்

குழந்தையின் நலம் குறித்த அறிக்கைகள், முதலாண்டில் மூன்று திங்களுக்கு ஒரு முறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு திங்களுக்கு ஒரு முறையும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்திற்கு அனுப்பப்பட வேண்டும். இவற்றை அங்கீகரிக்கப்பட்ட முகமை தயாரிக்கும். அதற்குப் பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும். குடியுரிமைச் சான்றின் நகலையும் முகமையிடம் அளித்துவிடுங்கள்.

பாட்டி வீட்டுத் திருவிழாவுக்கோ திருமணத்திற்கோ குழந்தையை அழைத்து வரும்போது நேரக்கூடிய தவறு ஒன்றுண்டு. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற குழந்தை இந்தியக் குடிமகனாக நீடிப்பதில்லை. ஆகவே பழைய இந்தியக் கடவுச்சீட்டில் பயணம் செய்தல் கூடாது. அதனை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்துச் சான்று பெற்று, அமெரிக்கக் கடவுச்சீட்டுடன் ஓ.சி.ஐ. அட்டைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்க வேண்டும். இதற்குச் சில வாரங்களேனும் ஆகும் என்பதால், பயணச்சீட்டு வாங்கும் முன்பே இப்பணியைத் தொடங்குங்கள்.

கோப்பில் இருக்க வேண்டியவை

குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, தத்தெடுப்பு ஆணை, ஹேக் உடன்படிக்கையின் இணக்கச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், விசாப் பக்கத்தின் நகல், குடியுரிமைச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, காப்பகத்தில் எடுத்த எடை உயரக் குறிப்புகள், மருத்துவமனைச் சுருக்கங்கள் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். மூலங்களைப் பாதுகாப்புப் பெட்டகத்திலும், நகல்களை வீட்டிலும், மின்னணுப் படிகளை வேறோர் இடத்திலும் வையுங்கள். பழைய பெயர் உள்ள தாள்களையும் கிழித்தெறிய வேண்டா. பெற்றவர்களின் நோய் வரலாறு அறியப்படாத குழந்தைக்கு, காப்பகத்தின் ஒரு சிறு குறிப்பும் பிற்காலத்தில் மருத்துவர்க்கு வழிகாட்டும். வளர்ந்தபின் தன் வேரைத் தேட விரும்பினால், தேடல் தொடங்குவதும் அத்தாள்களிலிருந்தே.

விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு விண்ணப்பத்திற்கு முன்பும் உரிய அரசு அலுவலகத்தின் நடப்பு அறிவிப்பைப் பாருங்கள். இப்பணிகள் யாவும் குழந்தையின் பெயரால் நடைபெறுவன. குழந்தைக்கு 18 வயது நிரம்பும் நாளில், குறையேதுமற்ற அந்தக் கோப்பைப் பெற்றோர் அதன் கையில் ஒப்படைக்க இயல வேண்டும். அது குழந்தையின் உடைமை; அதுவரை பெற்றோர் அதனைக் காத்து வைத்திருப்பவர்களே.