பின்னச்சு வேறுபாட்டுப் பல்லிணையைப் புதுப்பித்தல்

பின்னச்சு வேறுபாட்டுப் பல்லிணை என்பது பின்சக்கர இயக்கம் கொண்ட தானுந்துகளில், பொறியின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் பற்சக்கரத் தொகுதி ஆகும். பட்டறை வழக்கில் இது டிஃபரென்ஷியல் எனப்படும். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தை விடக் கூடுதல் தொலைவு உருள வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இத்தொகுதி இடமளிக்கிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனேசிபோர் பெக்கர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இந்தியாவில் இப்பணி பெரும்பாலும் அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளுக்கே தேவைப்படுகிறது. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. 1983-இல் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. அதில் இப்பல்லிணை பற்பெட்டியுடனேயே அமைந்திருப்பதால் வேலை முறை வேறு.

கோயம்புத்தூர்ப் பின்னணி

கோவை வட்டாரத்தில் பழைய வண்டிகளைப் பழுது நீக்கி ஓட்டும் வழக்கம் நெடுநாளையது. ஜி. டி. நாயுடு 1920-இல் ஒற்றைப் பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் வார்ப்பாலைகளும் நீரேற்றி ஆலைகளும் பெருகிய பீளமேட்டில் கடைசல் பட்டறைகளும் பெருகின. கடையில் கிடைக்காத தடிமனில் ஒரு வளையத்தைக் கடைந்து வாங்க முடிவது, கீழே விளக்கப்படும் வேலைக்குப் பெருந்துணை.

பழுதின் அறிகுறிகள்

முடுக்கும்போது மட்டும் எழும் ஊளை ஒலி கிரவுன் சக்கரம், பினியன் ஆகியவற்றின் தேய்மானத்தையோ தவறான பொருத்தத்தையோ காட்டும். திரும்பும்போது மட்டும் கேட்கும் ஒலி உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களையும் அவற்றின் வாஷர்களையும் சாரும். கிளட்சை விடும்போது கேட்கும் "டங்" என்ற ஒலிக்குப் பல வேளைகளில் யு.ஜே. கிராஸ் தேய்வே காரணம்; அதைப் பாராமல் பின்னச்சைப் பிரிப்பது வீண்செலவு. வடித்த எண்ணெயில் உலோகத் துணுக்குகள் இருந்தால் ஐயமில்லை, பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்தல்

வண்டியைத் தூக்கிய பின் உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் உயிருக்கு ஆபத்தானது. அம்பாசடர் வகை அச்சில் ஆக்சில் தண்டுகளை வெளியே இழுத்து, புரொப்பெல்லர் தண்டைக் கழற்றினால், தொகுதி முழுவதும் முன்புறமாக வெளிவரும். பேரிங் மூடிகள் அதனதன் இடத்திலேயே துளையிடப்பட்டவை என்பதால் இடம், வலம் எனக் குறியிட்டே கழற்ற வேண்டும்.

பொருத்துதல்

கிரவுன், பினியன் இரண்டும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து இணைசேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை மீண்டும் வரும். பற்களின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும்: பினியனில் 9, கிரவுனில் 41 எனில் விகிதம் ஏறத்தாழ 4.56, இது மாறினால் வேகமானியின் கணக்கும் பிழைபடும்.

பினியனின் ஆழம் ஷிம் தகடுகளால் அமைக்கப்படுகிறது. பினியன் பேரிங்குகளுக்குச் சிறு முன்னழுத்தம் தரப்பட வேண்டும். கூடினால் சூடேறி இறுகும், குறைந்தால் பினியன் ஆடும். அடுத்து, பற்களுக்கிடையேயான தளர்வை டயல் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். பொதுவாக இது 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருக்கும், எனினும் அந்தந்த வண்டியின் கையேட்டு அளவே இறுதியானது.

தேர்ந்த கைவினைஞரை அடையாளம் காட்டுவது பல்தடச் சோதனை. பற்களில் நீலச்சாயப் பசை தடவிச் சுழற்றினால் தொடுதடம் பதியும். அது பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது, அடியில் விழுந்தால் மிக நெருங்கியுள்ளது என்று பொருள். நடுவில் விழும்வரை ஷிம்மை மாற்றி மீண்டும் பூட்ட வேண்டும். இதற்கு அரைநாள் பிடிக்கலாம். சோம்பலால் இதைத் தவிர்த்துக் காதளவில் முடிப்பவர்களும் உண்டு. பினியன் ஓட்டத்தில் இறுகினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், மேட்டுப்பாளையம்–உதகை மலைப்பாதை இறக்கத்தில் அது விபத்தாகவே முடியும்.

எண்ணெய்த் தடுப்பு வளையங்களைப் புதிதாகவே போட வேண்டும். பழையவை கசிந்தால் எண்ணெய் பிரேக் பட்டைகளில் இறங்கி, பிடிப்பு குறையும்.

மாற்று வழி

உதிரி உறுப்பு கிடைக்காதபோது, சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உறுப்புச் சந்தைகளில் முழுத் தொகுதியையே வாங்குவர். செலவு குறைவு, ஆனால் பல்நிலை, விகிதம், தளர்வு மூன்றையும் பாராமல் பூட்டுதல் பழைய நோயை விட்டுப் புது நோயை வாங்குவதாகும்.

ஹைபாய்டு வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசுவதால் சாதாரணப் பொறி எண்ணெய் இதற்கு ஆகாது. மிகையழுத்தம் தாங்கும் கியர் எண்ணெயே ஊற்ற வேண்டும். புதுப்பித்தபின் முதல் சில நூறு கிலோமீட்டர் பளுவின்றி ஓட்டி, எண்ணெயை மாற்றுதல் வழக்கம்.