கட்டத்திரையின் முன் நிற்கும் பெண்

பெண்ணைப் பண்டமாக நோக்கும் பார்வை கைப்பேசியோடு பிறந்ததன்று. லண்டன் இனவியல் கழகத்தைச் சார்ந்த லாம்ப்ரே என்பார், பட்டு நூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் கட்டிய சட்டகத்தின் முன் மனிதரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்து அளக்கும் முறையை 1869இல் வெளியிட்டார். குடியேற்ற ஆட்சியின்கீழ் நம் நாட்டவரும் இவ்வாறே கட்டங்களின் முன் நிறுத்தப்பட்டனர்.

பெங்களூர்க் கலைஞர் என். புஷ்பமாலா, கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை ஆக்கிய ‘தென்னிந்தியச் சுதேசப் பெண்கள்’ என்னும் நிழற்படத் தொடரில் அக்கட்டங்களை மீண்டும் கொண்டுவந்தார். தோடர் பெண்ணாகக் கட்டத்திரையின் முன் நிற்பவர் அவரே. இரவிவர்மாவின் இலக்குமியாகவும் வேளாங்கண்ணி மாதாவாகவும் நிற்பவரும் அவரே. உடையும் திரையும் மூலப்படங்களை ஒத்தவை. ஆயினும், நிற்பவரே படத்தை ஆக்கியவருமாதலின், அளக்க முற்படும் நம் கண் தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே இக்கலையின் வெற்றி என்போம்.

இன்று பெண் தானே தன்னைப் படமெடுத்து வெளியிடுகிறாள். பார்வையின் உரிமை அவள் கைக்கு வந்துவிட்டதன்றோ எனக் கேட்கலாம். அர்ஜென்டினாவில் பிறந்த கலைஞர் அமாலியா உல்மன், 2014இல் நகரத்துக்கு வந்து சீரழிந்து மீளும் இளம்பெண்ணாக இன்ஸ்டாகிராமில் மாதக்கணக்கில் படங்கள் இட்டார். பல்லாயிரவர் தொடர்ந்தனர். யாவும் நடிப்பு என்று பின்னர் அறிவித்தார். பாராட்டை நாடும் பெண் எந்தெந்த அச்சுகளில் தன்னை வார்த்துக்கொள்ள நேர்கிறது என்பது அதனால் வெளிப்பட்டது.

நம் சமுதாயத்துக்கு இஃது ஏட்டளவிலான வினாவன்று. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரி முதல் நாளில் ‘புல்லி பாய்’ என்னும் செயலிகள் முஸ்லிம் பெண்களின் படங்களை எடுத்து ‘ஏலத்துக்கு’ வைத்தன. விற்பனை ஏதும் நிகழவில்லை, இழிவுபடுத்தலே நோக்கம். இதழாளரும் விமான ஓட்டியும் அதில் இருந்தனர். தலையை மறைத்தோரும் மறைக்காதோரும் இருந்தனர். ‘பெண்ணே, உன் படத்தை நீக்கிவிடு’ என்பதோடு அறிவுரையை முடித்துக்கொள்வோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்துமாறு முதலில் பணிப்பது ஆண்களையே. பெண்களுக்குரியது அடுத்த வசனம். நம் மிம்பர்களில் இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது!

குடவோலைக் கல்வெட்டால் பெயர்பெற்ற உத்திரமேரூர் போன்ற சிற்றூர்களில், நம் பெண்மக்கள் பலர் வாட்ஸ்அப் முகப்பில் ரோஜா மலரையோ குழந்தையின் முகத்தையோ வைத்திருக்கக் காண்கிறோம். அதனை நாணம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது; தன் படம் எவர் கையில் என்னவாகுமோ என்னும் அச்சமும் அங்குண்டு. அந்த ரோஜாக்களைத் திரட்டிச் சுவரில் மாட்ட ஒரு கலைஞர் முன்வந்தால், புஷ்பமாலாவின் கட்டத்திரைக்கு எதிரே வைத்துக் காணத்தக்க படமாக அஃது அமையும்.