தம்புராவை மின்விசிறி என்று எண்ணும் மென்பொருள்

சென்னையில் ஒரு பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியை ஓடவிட்டு, அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கும் மாணவிக்கு இணையம் வழியாக வர்ணம் சொல்லிக் கொடுக்கிறார். முதல் சில நொடிகளுக்கு மாணவியின் காதில் சுருதி விழும். பிறகு அது தேய்ந்துகொண்டே போய் அறவே நின்றுவிடும். குரல் மட்டும் தெளிவாக வந்துகொண்டிருக்கும். பெட்டியில் பழுதில்லை, இணைப்பிலும் பழுதில்லை. இடையில் இருக்கும் காணொலி மென்பொருள், பெட்டியிலிருந்து எழும் தம்புரா ரீங்காரத்தை மின்விசிறிச் சத்தம் என்று முடிவுகட்டி வடிகட்டிவிட்டது.

அதன் நியாயத்தைக் கேட்டால் கோபம் வராது. மைக்கில் விழுவதையெல்லாம் அது அதிர்வெண் வாரியாகப் பிரித்துப் பார்க்கிறது. பேச்சு ஏறும், இறங்கும், அசை அசையாக விட்டுவிட்டு வரும். மின்விசிறியும் ஏசியும் ஏற்ற இறக்கமின்றி ஒரே சீராக ஒலிக்கும். ஆகவே மாறாமல் நிற்பது எதுவோ அது இரைச்சல், கழித்துவிடு. அலுவலகக் கூட்டத்துக்கு அருமையான விதி. ஆனால் மாறாமல் நிற்பதுதானே சுருதியின் வேலை! ஜூம் கருவியில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு வசதி இருப்பது இதற்காகத்தான். அதைப் போட்டால் வடிகட்டி ஒதுங்கிக்கொள்ளும், ஒலி ஏறக்குறைய வந்தபடியே போகும். எதிரொலி நீக்கத்தையும் சேர்த்து நிறுத்தினால் ஹெட்ஃபோன் கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் வரும் மாணவியின் குரல் மைக்கில் நுழைந்து அவளுக்கே திரும்பிப் போகும்.

ஆன்லைன் வகுப்புக்கு எந்தக் கருவி என்று தேடும் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் முதலில் ஓர் அட்டவணை போடுகின்றன. எத்தனை பேர் சேரலாம், வெண்பலகை உண்டா, பதிவு செய்யலாமா, மாதம் எவ்வளவு? எல்லாம் கண்ணும் பணப்பையும் கேட்கும் கேள்விகள். காது கேட்கும் கேள்வி ஒன்றுகூட அதில் இருக்காது. படம் உறைந்து நின்றாலும் பாடம் நடக்கும். ஒலி அறுந்தால் வகுப்பு அத்தோடு சரி.

குரலின் பயணத்தைப் பார்ப்போம். பெரும்பாலான கருவிகள் குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக நறுக்குகின்றன. நொடிக்கு 50 துண்டு. 2012இல் தரப்படுத்தப்பட்ட, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓபஸ் என்ற முறையில் ஒவ்வொரு துண்டும் சுருக்கப்பட்டுத் தனிப் பொட்டலமாகக் கிளம்புகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். சென்னையிலிருந்து நியூஜெர்சி, மிகக் குறுகிய வழியில் அளந்தாலும், 13,000 கி.மீ.க்கு மேல். ஆக, ஒளிக்கே 65 மில்லிநொடி வேண்டும். இழையை நம்பியிருக்கும் வரை எவ்வளவு பணம் கொட்டினாலும் இது குறையாது. கடலடிக் கேபிள் சுற்றிப் போவது, நறுக்குவது, சுருக்குவது, முன்பின்னாக வரும் பொட்டலங்களை வரிசைப்படுத்தக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் ஒருவழித் தாமதம் எளிதாக 150 மில்லிநொடியைத் தொட்டுவிடும்.

இதைத் தாளத்தில் வைத்துப் பாருங்கள். டீச்சர் ஆதி தாளம் போடுகிறார், நிமிடத்துக்கு 80 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 750 மில்லிநொடி. தட்டு 150 மில்லிநொடி கழித்து மாணவியை எட்டுகிறது. அவள் இம்மி பிசகாமல் அதோடு சேர்ந்து பாடுகிறாள். அந்தப் பாட்டு திரும்பி வர இன்னொரு 150. டீச்சரின் காதுக்கு அவள் 300 மில்லிநொடி, கிட்டத்தட்ட அரைத் தட்டு, பிந்திப் பாடுகிறாள். பிள்ளை தடுமாறுகிறாளே என்று டீச்சர் தாளத்தைச் சற்று இழுத்துப் போட்டால், அவளும் இழுப்பாள். இருவருமாகக் காலப்பிரமாணத்தைக் கரைத்துவிடுவார்கள். சேர்ந்து இசைப்பவர்கள் தாங்கக்கூடிய தாமதம் ஏறக்குறைய 25, 30 மில்லிநொடிதான். 10 மீட்டர் தள்ளி நிற்பவரின் ஒலி காற்றில் நம்மை எட்டும் நேரம் அது. இதற்கு எந்தக் கருவியிலும் மருந்தில்லை. அதனால்தான் இணையவழியில் கற்பிக்கும் பலர் தாளத்தை மாணவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். தாளமும் பாட்டும் ஒரே முனையிலிருந்து கிளம்பினால் இரண்டும் ஒன்றாகவே பிந்தும்.

பாட்டு வகுப்புக்கு இது சரி, கணக்கு வகுப்புக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். பேச்சுக்கும் தாளம் உண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வு பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்தது. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி சராசரியாக 200 மில்லிநொடி அளவே. ஒரு சொல்லை மனத்தில் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். அப்படியென்றால் எதிராளி பேசி முடிக்கும் முன்பே, பேச்சு எங்கே முடியும் என்று கணித்துப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்கிறோம். சாதாரண அரட்டையில் நாம் செய்துகொண்டிருக்கும் வித்தை இது. இதில் போக வர 300 மில்லிநொடியைக் கலந்தால்? “புரிந்ததா?” என்கிறார் ஆசிரியர். அமைதி. அடுத்த வாக்கியத்தைத் தொடங்குகிறார். அப்போதுதான் “இல்ல சார்” வந்து மோதுகிறது. இருவரும் நிறுத்துகிறார்கள், இருவரும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்குகிறார்கள். இரண்டு முறை இப்படி மோதிய பையன் மூன்றாம் முறை வாய் திறப்பதில்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குப் பாதகமில்லை என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரம்பு; நம் கணக்கு அந்த விளிம்பிலேயே நிற்கிறது.

பொட்டலம் வழியில் தொலைந்துபோனால் அதைத் திரும்பக் கேட்டு வாங்கப் பெரும்பாலும் நேரமிருக்காது. பிந்தி வரும் அசை, வராத அசையைவிட மோசம். எனவே மென்பொருள் முந்தைய துண்டின் போக்கைப் பார்த்து, இல்லாத துண்டைத் தானே இட்டுக்கட்டி நிரப்பிவிடுகிறது. வகுப்பில் நாம் கேட்கும் ஆசிரியர் குரலில் சில கணங்கள் அவர் பேசவே பேசாதவை!

ஆள் கூடும்போது கணக்கு மாறுகிறது. 40 பேர் வகுப்பில் எல்லோரும் எல்லோருக்கும் நேரடியாகப் படம் அனுப்பினால், ஒவ்வொருவரும் 39 பிரதிகளை ஏற்ற வேண்டும்; செல்போன் படுத்துவிடும். அதனால் நடுவில் ஒரு சர்வர் ஒருமுறை வாங்கி மற்றவர்களுக்குப் பகிர்கிறது. அப்படியும் டேட்டா செலவு இருக்கிறது. நொடிக்கு 32 கிலோபிட் குரல் மணிக்குச் சுமார் 14 எம்பி. சுமாரான படம், 500 கிலோபிட் என்றால், 225 எம்பி. நாளுக்கு ஒன்றரை ஜிபி வாங்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு நான்கு மணி நேரம் படிப்பதற்குள் அது தீர்ந்துவிடும்.

இந்த இடத்தில் எனக்குப் பிக்ப்ளூபட்டன் மீது ஒரு தனிப் பிரியம். கனடாவின் ஆட்டவாவில் உள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் வகுப்புக்கென்றே தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. 2022இல் வந்த, மூடுல் என்ற இணையவழிக் கல்வி மென்பொருளின் 4.0 பதிப்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆசிரியர் ஏற்றும் ஸ்லைடை ஒருமுறை படமாக அனுப்பிவிடும். அதன்மேல் அவர் இழுக்கும் கோடு வெறும் புள்ளிகளின் எண்களாகப் போகும். திரையைப் பகிர்ந்தாலோ அதே ஸ்லைடு வீடியோவாகப் போகும், சிக்னல் குறைந்தால் எழுத்தும் கலங்கும். ஆனால் பிக்ப்ளூபட்டனைச் சொந்தமாக நடத்த சர்வரும் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். இலவசம் என்பது பாதிதான் உண்மை. எந்தக் கருவியானாலும், சோதனை ஓட்டத்தை விற்பவரின் அலுவலகத்தில் பார்க்காமல், மாலை ஏழு மணிக்கு, சிக்னல் மிகக் குறைந்த மாணவரின் செல்போனில் பார்ப்பது உத்தமம்.

சர்வர் எந்த ஊரில் என்பதையும் கேட்டுவிட வேண்டும். மதுரையில் ஆசிரியர், திருநெல்வேலியில் மாணவர்; இடையே 150 சொச்சம் கி.மீ. சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தால் “உள்ளேன் ஐயா” கடல்களைத் தாண்டிப் போய்த் திரும்பித்தான் மதுரைக்கு வரும். 26,000 கி.மீ.க்கு மேல், ஒளியின் ஓட்டத்துக்கே 130 மில்லிநொடி. அதே சர்வர் மும்பையில் இருந்தால் அந்தச் செலவு பத்துப் பதினைந்து மில்லிநொடியோடு முடியும். இதற்கான பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.