விலைபோன விசில்

வலிமை குன்றிய அணி வலிமை மிக்க அணியை வீழ்த்துவது கால்பந்து ரசிகர்களுக்குப் பெருவிருந்து. 2004 ஆகஸ்ட் 21 அன்று, ஜெர்மன் கோப்பைப் போட்டியின் முதற்சுற்றில் அத்தகைய விருந்து கிடைத்ததாகவே பலரும் எண்ணினர். மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிவந்த பாடர்போர்ன் அணி, முதல்நிலை அணியான ஹாம்பர்க்கிடம் 0-2 எனப் பின்தங்கியிருந்தது. அந்நிலையில் ஹாம்பர்க் வீரர் எமில் எம்பென்சா சிவப்பு அட்டை பெற்று வெளியேற்றப்பட்டார். பாடர்போர்னுக்கு இரண்டு பெனால்டிகள் வழங்கப்பட்டன. ஆட்டம் 4-2 எனத் தலைகீழாக முடிந்தது.

அது திறமையால் மட்டும் விளைந்த வெற்றியன்று. ஆட்டத்தை நடத்திய 24 வயது நடுவர் ராபர்ட் ஹாய்ட்சர், பெர்லினில் இயங்கிய பந்தயக் கும்பலுடன் கைகோத்திருந்தார். பல ஆட்டங்களுக்காக அவர் பெற்றது ஏறத்தாழ 67,000 யூரோவும் ஒரு பிளாஸ்மா தொலைக்காட்சியும். அவரை இயக்கிய ஆன்டே ஷபினா பந்தயத்தில் ஈட்டியதோ அதனினும் பன்மடங்கு.

கால்பந்தில் கோல்கள் குறைவாகவே விழும். எனவே ஒரு பெனால்டியே முடிவை மாற்றிவிடும். நேர்மையான நடுவரும் தவறுவது இயல்பு. அந்தத் தவறுகளின் நிழலில்தான் திட்டமிட்ட தவறு ஒளிந்துகொள்கிறது. ஆயினும் பணம் தடம் பதிக்காமல் நகர்வதில்லை. பாடர்போர்ன் வெல்லும் என்று வழக்கத்துக்கு மாறான பெருந்தொகைகள் கட்டப்பட்டதை, 'ஆட்செட்' என்னும் அரசுசார் பந்தய நிறுவனம் கவனித்துக் கால்பந்துச் சங்கத்துக்குத் தெரிவித்தது. அப்போது பெரிய நடவடிக்கை எதுவும் பின்தொடரவில்லை.

ஐந்து மாதங்களுக்குப் பின், 2005 ஜனவரியில், சக நடுவர்கள் நால்வர் தம் ஐயங்களைச் சங்கத்திடம் நேரில் தெரிவித்தனர். முதலில் மறுத்த ஹாய்ட்சர், சில நாட்களிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் அவருக்கு 2 ஆண்டு 5 மாதமும், ஷபினாவுக்கு 2 ஆண்டு 11 மாதமும் சிறைத்தண்டனை அளித்தது.

மேல்முறையீட்டில் வழக்கு வியப்பான திருப்பம் கண்டது. இச்செயல் சட்டப்படி மோசடி ஆகாது என்று கூட்டாட்சி அரசு வழக்குரைஞர் தரப்பே வாதிட்டது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது. முடிவைத் தானே வளைத்துவிட்டு அதை மறைத்துப் பந்தயம் கட்டுபவர், பந்தய நிறுவனத்தை ஏமாற்றுகிறார் என்று தீர்ப்பளித்தது. தன் கிடங்குக்குத் தானே தீ வைத்துவிட்டுக் காப்பீட்டுத் தொகை கோருபவரின் செயலை இதற்கு ஒப்பிடலாம். விளையாட்டுப் பந்தய மோசடிக்கென ஜெர்மனியில் தனிச் சட்டப் பிரிவுகள் 2017-இல்தான் வந்தன.

சிறை மட்டும் இந்நோயைத் தீர்க்கவில்லை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 200 ஆட்டங்கள் ஐயத்துக்குள்ளான மற்றொரு விசாரணை 2009-இல் வெளிவந்தது. 2011-இல் போஹும் நீதிமன்றம் ஷபினாவை மீண்டும் தண்டித்தது.

ஹாம்பர்க் அணிக்குச் சங்கம் இழப்பீடு வழங்கியது. ஆனால் இழந்த ஆட்டம் திரும்பவில்லை. அதனினும் பெரிய இழப்பு, அதன்பின் நேர்மையான நடுவர் ஒருவர் தவறினாலும் அரங்கம் அவரை ஐயுற்றதுதான். ஒருவர் கைநீட்டிப் பெற்ற பணத்துக்கு அப்பணியிலுள்ள அனைவரும் விலை கொடுக்க நேர்ந்தது.

வங்கிப் பணியில் இருப்போர்க்கு இது அந்நியமான பாடமன்று. வழக்கத்துக்கு மாறான பரிவர்த்தனையைக் கணினி சுட்டிக்காட்டும். அதற்குமேல் அதனால் இயலாது. ஒருவர் பதிவு செய்வதை மற்றொருவர் சரிபார்க்கும் முறையை அவநம்பிக்கை என்று சிலர் கருதுவதுண்டு. உண்மையில் அது நேர்மையாளருக்கான காப்பு. ஆட்செட்டின் எச்சரிக்கை ஐந்து மாதங்கள் பயனற்றுக் கிடந்தது. உடன் பணியாற்றியவரைப் பற்றிப் பேசும் தயக்கத்தை நால்வர் கடந்தபோதுதான் அதற்கு உயிர் வந்தது.